முன்வாசல் மன்னிப்பு

சின்னவன் பாவமன்னிப்புக் கேட்டு, மாடியில் இருக்கிற சபையின் படிக்கட்டில் நிற்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகப்போகிறது. இந்த மூன்று மாதத்தில் அவன் மன்னிப்புக் கேட்காத ஆளே அந்தச் சபையில் கிடையாது. மூக்கு ஒழுகும் பிள்ளைகளிடம் கேட்டாயிற்று. காது கேட்காத பெரியவரிடம் கத்திக் கத்திக் கேட்டாயிற்று. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை மூடியிருக்கிறதே என்று விசாரிக்க மாடி ஏறி வந்த யாரோ ஒரு வழிப்போக்கரிடம்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டான். அந்த மனிதரும் பாவம், "பரவாயில்லைங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கேட்காத ஒரே ஆள் அவனுடைய அக்கா. அந்தப் பாவத்தை அவளுக்குத்தான் செய்திருந்தான் என்பது வேறு விஷயம்.

பெரியவள், சின்னவன் என்பதெல்லாம் அவர்களுடைய அம்மா கூப்பிட்டது. அதுவே எல்லார் வாயிலும் நிலைத்துவிட்டது. பெரியவள் ஒரு ரொட்டிக் கம்பெனியில் மாவு பிசையும் பகுதிக்கு மேற்பார்வை. சின்னவன் குழாய் ரிப்பேர் செய்கிறவன். அம்மா கடைசிக் காலத்தில் மகன் வீட்டில் இருந்தாள். "வேளைக்கு மருந்து கொடுக்கக்கூடத் துப்பில்லையா உங்களுக்கு" என்று ஒருநாள் பெரியவள் வாயை விட்டுவிட்டாள். வார்த்தையை விட்டால் அள்ள முடியுமா? அன்றைக்கு அறுந்தது அக்கா தம்பி பேச்சு. சபையில் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். பெரியவள் ஞாயிறு மதியம் போனில் கூப்பிட்டு அம்மாவோடு மட்டும் பேசுவாள்.

அம்மா ஒரு திங்கட்கிழமை மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். வெள்ளிக்கிழமை விடியற்காலை போய்விட்டாள்; சாயங்காலமே அடக்கமும் முடிந்தது. சின்னவன் அக்காவுக்குச் சொல்லவே இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "போன் பண்ணிச் சொல்லிட்டேன், வரமாட்டேன்னுட்டா" என்று சொல்லிவிட்டான். சனிக்கிழமை காலை, கம்பெனி வாசலில் சபைக்காரர் ஒருவர் பெரியவளைப் பார்த்து, "என்ன கோவமா இருந்தாலும் அம்மா முகத்தைக் கடைசியா ஒருதடவை பார்த்திருக்கலாமேம்மா" என்றார். அம்மா இல்லை என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

தனக்கு யாரும் சொல்லவில்லை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். யார் நம்பினார்கள்? பெற்ற தாய் சாவுக்கு வராதவள் என்று பெயர் வாங்கியாயிற்று. சபைக்குப் போனால் முன்படிக்கட்டில் ஏறுகிறவர்கள் இவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு ஞாயிறு பொறுத்துப் பார்த்தாள். மூன்றாவது ஞாயிறிலிருந்து பின்பக்கத்து இரும்புப் படி வழியாகச் சமையலறைக்குள் நுழைய ஆரம்பித்தாள். ஆராதனையில் பகிர்கிற ரொட்டியைச் சுட்டுக் கொண்டுவருவது எத்தனையோ வருஷமாக அவள் வேலை. அதை மட்டும் அவள் கையிலிருந்து யாரும் பிடுங்கவில்லை. நல்ல ரொட்டிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படி மூன்று வருஷம் ஓடியபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில் சின்னவன் எழுந்து நின்று அழுதான். "அக்காவுக்கு நான் சொல்லவே இல்ல. சொன்னேன்னு பொய் சொன்னேன். ராத்திரி தூக்கம் வரல" என்றான். பெரியவள் அப்போது சமையலறையில் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. எல்லாம் காதில் விழுந்தது. கத்தி கையிலேயே நின்றுவிட்டது.

உள்ளே ஒரே அழுகை. ஆளாளுக்கு அவனைக் கட்டிப்பிடித்தார்கள். என்ன தைரியம், என்ன மனசு, இத்தனை பேர் நடுவில் ஒத்துக்கொள்ள யாருக்கு வரும் என்று பேச்சு. யாராவது தன்னிடம் வருவார்கள் என்று பெரியவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண் வந்தாள். "தம்பி ரொம்ப அழுது களைச்சிட்டார், ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றாள். பெரியவள்தான் டம்ளரை அலம்பித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சபையை நடத்துகிற மூப்பர், கீழே கடை வைத்திருக்கிற கண்ணாடிக்கடைக்காரர். மோசமான மனிதர் இல்லை. ஆனால் கிறிஸ்தவம் தோன்றிய முதல் முந்நூறு நானூறு வருஷத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் வாங்கிப் படித்து, அந்தக் காலத்திலேயே குடியேறிவிட்டவர். எந்தப் பேச்சை எடுத்தாலும் "ஆதித் திருச்சபையில்..." என்றுதான் வாயைத் திறப்பார். அந்தக் காலத்தில் பெரிய பாவம் செய்தவன் ஏதோ மூலையில் முணுமுணுத்துவிட்டுப் போக முடியாதாம். ஊரறிய வாசலில் நிற்க வேண்டும். முதலில் தெருவோரம் அழுவோர் வரிசை, அடுத்தது உள்ளிருந்து வரும் வசனத்தைக் கேட்போர் வரிசை, பிறகு முழங்காலிடுவோர், கடைசியில் கூட நிற்போர். போகிற வருகிற விசுவாசிகளிடமெல்லாம் எனக்காக ஜெபம் செய்யுங்கள் என்று கெஞ்ச வேண்டும். ஞானஸ்நானம் வாங்கியவனுக்கு அப்படி ஒரு வாய்ப்பு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் என்று சொன்ன போதகர்களும் உண்டாம்.

சபையில் பெரிய பாவம் எதுவும் கையில் சிக்காமல் இவ்வளவு நாள் காத்திருந்தவருக்குச் சின்னவன் கிடைத்தான். பழுத்த பழம் மடியில் விழுந்த மாதிரி ஆயிற்று. தெருவிலிருந்து மாடிக்குப் போகிற படிக்கட்டை அவர் நாலாகப் பிரித்தார். முதல் மாதம் கீழ்ப்படி, அடுத்த மாதம் நடுவில் திரும்புகிற இடம், மூன்றாவது மாதம் கதவோரம் முழங்கால். அதன்பிறகு கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொள்வது. தண்டனைக் காலம் முடியும்வரை ஜெபம் கேட்பதைத் தவிர அவன் தன் பாவத்தைப் பற்றி வேறு பேச்சுப் பேசக்கூடாது. அவனை உள்ளே சேர்த்த பிறகு மற்ற யாரும் பேசக்கூடாது.

இந்தக் கடைசி விதியைத்தான் போன ஞாயிறு அவர் அழுத்திச் சொன்னார். "வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம சகோதரனைச் சேர்த்துக்கிறோம். அதோட அந்தப் பாவம் கடல்ல போட்ட கல்லு. யாரும் முங்கித் தேடக்கூடாது. அதைப் பத்தி அவன்கிட்ட வாய் திறக்கிறவங்க, அதே படியில போய் நிக்க வேண்டியதுதான்."

சமையலறையில் நின்ற பெரியவளுக்கும் அது கேட்டது. அவளுக்கு அவன் காலில் விழவேண்டாம், அழவேண்டாம், படியில் நின்று முட்டி தேயவேண்டாம். ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த நாலு நாளில் அம்மா என்னைக் கேட்டாளா? கேட்டிருந்தால் நீ என்ன சொன்னாய்? மகள் வரமாட்டேன் என்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டா என் அம்மா கண்ணை மூடினாள்? ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் இருந்தவன் அவன் ஒருத்தன்தான். உலகத்திலேயே அந்தப் பதில் இருக்கிற ஒரே இடம் அவன் வாய். அந்த வாயைத்தான் ஞாயிற்றுக்கிழமையோடு பூட்டுப் போட்டுப் பூட்டப்போகிறார்கள்.

மறுநாள் வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறித் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்தவள் ஒரு நிமிஷம் பேயறைந்த மாதிரி நின்றாள். பிறகு, "வாங்க அண்ணி. அவர் வேலைக்குப் போயிருக்கார்" என்றாள். அம்மா படுத்திருந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. பெரியவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"அவரைப் பார்த்தா பாவமா இருக்கு அண்ணி. முட்டி ரெண்டும் காய்ச்சுப் போச்சு. ராத்திரி நான்தான் தைலம் தேய்ச்சு விடறேன்."

"நல்லா தேய்ச்சு விடு. எங்க வேலை செய்யறான் இன்னிக்கு?"

"மனசுல எதையும் வெச்சுக்காதீங்க அண்ணி."

"வெச்சுக்காம இருக்கத்தான் கேக்கறேன். எங்க இருக்கான்?"

ஒரு பெரிய ஓட்டலின் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்தான். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் வெளியே தெரிந்தது. பேண்ட் முட்டி இரண்டிலும் துணி நைந்திருந்தது. சுற்றிலும் எச்சில் தட்டு, ஈரத்தரை, அடுப்புச் சத்தம். தட்டுக் கழுவுகிற பையன்கள் இவளை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"சின்னவனே."

தொட்டிக்கு அடியில் கேட்டுக்கொண்டிருந்த ஸ்பேனர் சத்தம் நின்றது. கால்கள் அசையவில்லை.

"வெளிய வாடா. ஒரே ஒரு கேள்விதான்."

"அக்கா... இந்தக் காலம் முடியற வரைக்கும் நான் அதைப் பத்திப் பேசக்கூடாதுக்கா. ஜெபம் பண்ணுங்கன்னு மட்டும்தான் கேக்கலாம். ஐயா சொல்லியிருக்கார்."

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் நான் பேசக்கூடாது. அதையும் உங்க ஐயாதான் சொல்லியிருக்கார்."

தொட்டிக்கு அடியில் யோசனை நடந்தது. "ஆமால்ல" என்று பதில் வந்தது.

"அப்ப எப்படா பேசறது?"

"எனக்குத் தெரியலக்கா. ஐயாகிட்ட கேளு."

பெரியவளுக்கு அந்தக் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாமா என்று இருந்தது. சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டபோது அப்படித்தான் இழுப்பாள். இப்போது ஐம்பதை நெருங்குகிற ஆளை, நாலு பேர் பார்க்க, எப்படி இழுப்பது?

"ஊர்ல இருக்கிற எல்லார்கிட்டயும் கேட்ட. என்கிட்ட மட்டும் ஏண்டா கேக்கல?"

"வாசல்லதானக்கா நிக்கிறேன். வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறேன். நீ அந்தப் பக்கமே வர்றதில்லையே."

"நான் பின்படி வழியா வர்றேன். ஏன் பின்படி வழியா வர்றேன்னு யோசிச்சியா?"

ஸ்பேனர் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. "அக்கா, தள்ளி நில்லு, தண்ணி வரும்" என்றான். வரவும் வந்தது. அவள் செருப்பு நனைந்ததுதான் அன்றைக்குக் கிடைத்த பலன்.

மறுநாள் கண்ணாடிக்கடைக்குப் போனாள். எழுத்து பெரியதிலிருந்து சின்னதாகிக்கொண்டே போகிற அட்டைக்குக் கீழே மூப்பர் உட்கார்ந்து, ஒரு பழைய கண்ணாடிக்குக் காதுக்கம்பி போட்டுக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தி நாற்காலி இழுத்துப் போட்டார். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும், "சகோதரி, ஆதித் திருச்சபையில..." என்று ஆரம்பித்தார்.

"ஐயா, அது இருக்கட்டும். என் தம்பி என்கிட்ட இன்னும் ஒரு வார்த்தை பேசல."

"பாவம்ங்கிறது ரெண்டு பேருக்குள்ள முடியற சண்டை இல்லம்மா. ஒரு அவயவத்துல புண்ணு வந்தா சரீரம் முழுக்க நோகுது. அதனாலதான் சபை முழுக்கச் சேர்ந்து அழுது, சபை முழுக்கச் சேர்ந்து மன்னிக்குது."

"சரிங்கய்யா. புண்ணு என் மேல இருக்கு. நீங்க அவனுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருக்கீங்க."

மூப்பர் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"அழறவனுக்கு ஒரு படி குடுத்தீங்க. கேக்கறவனுக்கு ஒரு படி, முட்டி போடறவனுக்கு ஒரு படி. எனக்கு எந்தப் படிங்கய்யா? உங்க புஸ்தகத்துல அடிபட்டவ எங்க நிக்கணும்னு போட்டிருக்கா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். தாடையைத் தடவினார். "அப்படித் தனியா ஒரு இடம் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார். அதை ஒத்துக்கொண்டதற்காகவாவது அவரைப் பாராட்ட வேண்டும்.

"படைக்க வந்ததை அங்கயே வெச்சுட்டு, முதல்ல போய் அவன்கூட சமாதானம் ஆயிட்டு வான்னு நீங்கதான வேதத்துல படிச்சீங்க போன மாசம்?"

"அது தப்பு செஞ்சவனுக்குச் சொன்னது."

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

மூப்பர் லென்ஸில் வாயால் ஊதித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. மத்தவனை மன்னிக்காதவனுக்கும் மன்னிப்புக் கிடைக்காதுன்னு சொல்லியிருக்கு. கேள்வி கேக்கறேன்னு சொல்லிக்கிட்டு நாம உள்ளுக்குள்ள வன்மம் வெச்சிருக்கோமான்னும் பார்க்கணும்" என்றார். "நீங்க ஞாயித்துக்கிழமை முன்வாசல் வழியா வாங்க. உங்ககிட்டயும் கேட்டுடுவான். முடிஞ்சு போச்சு."

முடிஞ்சு போச்சு. பெரியவள் பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தையைப் பல்லில் சிக்கிய நார் மாதிரி நாக்கால் துழாவிக்கொண்டே வந்தாள். வன்மம் என்று அவர் சொன்னது வலிக்கத்தான் செய்தது, ஏனென்றால் அது இல்லை என்று அவளால் துணிந்து சொல்ல முடியவில்லை. ஆனால் மன்னிக்க மாட்டேன் என்று அவள் எப்போது சொன்னாள்? கேட்டால்தானே தருவதா இல்லையா என்பது. பந்தியில் இலையே போடாமல், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்கிற கூத்தாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரியவள் ரொட்டித் தட்டை வெள்ளைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு, மூன்று வருஷத்துக்குப் பிறகு முன்படிக்கட்டில் கால் வைத்தாள். மேலே ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தார்கள். வாங்க வாங்க என்றார்கள். அன்றைக்குத் திருப்பிக்கொண்ட அதே முகங்கள்தான். இன்றைக்கு எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது என்கிற சந்தோஷம் அவர்களுக்கு.

கதவோரம் சின்னவன் முழங்காலில் இருந்தான். சலவை வேட்டி, சலவைச் சட்டை. தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. எதிரே ஒரு ஜோடிக் கால் வந்து நின்றால், "பாவியான எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்பான். கால்காரர், "கர்த்தர் மன்னிப்பாராக" என்று தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போவார். அடுத்த கால் வரும். டிக்கெட் கொடுக்கிற மாதிரி வரிசை வேகமாக நகர்ந்தது.

பெரியவளின் கால் வந்தது.

"பாவியான எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றான் சின்னவன். மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரல், அதே இழுப்பு.

கால் நகரவில்லை. காதில் விழவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னான்.

"தலையைத் தூக்குடா" என்றாள் பெரியவள்.

தூக்கினான். முகத்தில் இருந்த பக்தியெல்லாம் வடிந்து, கட்டிலுக்கு அடியில் பிடிபட்ட பழைய முகம் வெளியே வந்தது.

அவள் ரொட்டித் தட்டைக் கீழே, கதவுக்கு முன்னால் வைத்தாள். "அம்மா என்னைக் கேட்டாங்களா?"

பின்னால் படியில் வரிசை தேங்கியது. "என்னாச்சு, போங்கம்மா" என்று ஒரு குரல் வந்தது. உள்ளேயிருந்து மூப்பர் ஓடிவந்தார். "சகோதரி, இங்க வேணாம். எல்லாரும் காத்திருக்காங்க."

"நானும் மூணு வருஷமா காத்திருக்கேங்கய்யா. இங்க வேணாம்னா எங்க வேணும்னு சொல்லுங்க, அங்க போறேன்."

மூப்பரிடம் காட்டுவதற்கு ஓர் இடம் இல்லை.

"சொல்லுடா. கேட்டாங்களா?"

"கேட்டாங்க. தினமும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"முதல்ல, சொல்லியாச்சு, வருவான்னேன். அடுத்த நாளும் அதையே சொன்னேன். உனக்குப் போன் பண்ணணும்னு எடுப்பேன்க்கா. நேத்தே ஏண்டா சொல்லலன்னு கேப்பியேன்னு வெச்சுடுவேன். நாள் போகப் போக எடுக்கவே பயமாயிடுச்சு. கடைசியில..." நிறுத்தினான். "கடைசியில, வரமாட்டேன்னு சொல்லிட்டான்னு சொன்னேன்."

பெரியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இதுதான் பதிலாக இருக்கும் என்று இத்தனை நாளும் அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் காதால் கேட்டபோது தாங்க முடியவில்லை.

"அம்மா என்ன சொன்னாங்க அதுக்கு?"

"வேணாம்க்கா."

"சொல்லு."

"'போனா போறா விடு, அவ கோவக்காரி'ன்னாங்க. 'நான் அவளை மன்னிச்சுட்டேன்னு சொல்லிடு. பின்னால நெனச்சு நெனச்சு மருகுவா, மறக்காம சொல்லிடு'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க." சின்னவன் தன் கையைப் பார்த்தான். "அதைத்தான்க்கா என்னால சொல்ல முடியல. பொய் சொன்னதைக்கூடச் சொல்லிட்டேன்."

வரிசையில் யாரோ ஒரு அம்மாள், "என்ன ஒரு தாய் மனசு" என்று மூக்கை உறிஞ்சினாள். மூப்பருக்கும் கண் நிறைந்துவிட்டது. "பார்த்தீங்களா சகோதரி. பெத்தவங்களே மன்னிச்சிருக்காங்க" என்றார்.

பெரியவளுக்கு அழுகை வரவில்லை. உச்சந்தலை வரைக்கும் கோபம்தான் வந்தது. "எதுக்கு மன்னிச்சாங்க?" என்றாள். "நான் என்னங்கய்யா செஞ்சேன் மன்னிக்கிறதுக்கு? அன்னிக்கு நான் கம்பெனியில மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செருப்புக்கூடப் போடாம ஓடியிருப்பேன்."

அவள் தம்பியிடம் திரும்பினாள்.

"அந்த மன்னிப்பு எனக்கு வந்தது இல்லடா. என்னை வரவிடாம செஞ்சவனுக்கு வந்தது. அம்மாவுக்கு யாருன்னு தெரியாம என் பேரைச் சொல்லி அனுப்பிட்டாங்க. அது உன்னோடது. நீயே எடுத்துக்க."

சின்னவன் அழுதான். மூன்று மாதமாகப் படியில் அழுத அழுகை இல்லை இது. அதற்கு ஒரு ராகம் இருந்தது. இதில் மூக்கு ஒழுகியது, முகம் கோணியது, சலவைச் சட்டையால் துடைத்துக்கொண்டான். பிறகு முதல்தடவையாக, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"நீ? நீ என்னை மன்னிப்பியாக்கா?"

"இப்பதான் கேக்கிற" என்றாள் பெரியவள். "எனக்குத் தெரியலடா. நான் வரமாட்டேன்னு நெனச்சுக்கிட்டே அம்மா போயிட்டாங்கன்னு இப்பதான் காதால கேக்கறேன். இதை எங்க கொண்டுபோய் வெக்கிறதுன்னே எனக்குத் தெரியல. நாளைக்கு வீட்டுக்கு வா. அந்த நாலு நாளையும் உக்காந்து சொல்லு. என்ன சாப்பிட்டாங்க, என்ன பேசினாங்க, வலிச்சுதா, எல்லாம் சொல்லு. சொல்லிட்டு மறுபடி கேளு. மறுநாளும் வந்து கேளு."

மூப்பர் செருமினார். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமலும் இருக்க முடியவில்லை. "இன்னிக்கு இவனைச் சேர்த்துக்கிட்டா, அதுக்கப்புறம் அந்தப் பேச்சை..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

சின்னவன் திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தான். நாற்காலிகள் நிறைந்திருந்தன. அவன் மனைவி முன்வரிசையில், பக்கத்து நாற்காலியில் கையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதம் வெயிலிலும் மழையிலும் அந்த நாற்காலிக்காகத்தான் நின்றான்.

"ஐயா, இன்னிக்கு உள்ள வரலன்னா இன்னொரு தடவை கிடைக்குமா?"

"தெரியலப்பா" என்றார் மூப்பர். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒருவன் கேட்டதாக அவர் படித்ததில்லை.

மனைவி பிடித்துவைத்திருந்த நாற்காலியைச் சின்னவன் இன்னொரு தடவை பார்த்தான். பிறகு, "அப்ப இன்னிக்கு என்னைச் சேர்க்காதீங்க ஐயா" என்றான். "எனக்கு அக்காகிட்ட பேச வேண்டியிருக்கு."

படிக்கட்டில் சலசலப்பு எழுந்தது. முன்வரிசையில் அவன் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். மூப்பர் குனிந்து, ரொட்டித் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பெரியவளின் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. "எழுந்திருடா. ஜனங்க மேல போகணும், வழியை மறிச்சுக்கிட்டு" என்றாள்.

சின்னவன் எழப் பார்த்தான். முட்டி மடங்கியபடியே நின்றது. தடுமாறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவள் உதறவில்லை. அன்றைக்கு அவளால் முடிந்தது அவ்வளவுதான்.